ஓடினார் என்ற சொல்லின் பன்மை

1999 நவம்பர் 13 அன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கேம்ப் ராண்டல் அரங்கில், அயோவா அணிக்கு எதிரான ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில், 33ஆம் எண் சட்டை அணிந்த ரான் டேய்ன் பந்தை வாங்கிக்கொண்டு 31 கெஜம் ஓடினார். அந்த ஓட்டத்தில் ஒரு சாதனை உடைந்தது. ஒரு வருடத்துக்கு முன் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரிக்கி வில்லியம்ஸ் தம் கல்லூரி வாழ்க்கை முழுவதிலும் ஓடி நிறுவியிருந்த 6,279 கெஜம் என்ற எண்ணை டேய்ன் கடந்தார். ஆட்டம் முடிந்தபோது அன்றைய கணக்கு 216 கெஜம், நான்கு ஆண்டுக் கணக்கு 6,397. கல்லூரிக் கால்பந்தின் அந்த ஆண்டுச் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது. அவர் பெயரும் எண்ணும் அரங்கின் முகப்பில் ஏறின. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து என்பது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியின் சுவரைப் பிளந்து, கெஜம் கெஜமாக நிலத்தைக் கைப்பற்றும் ஆட்டம். அந்த நிலத்தின் ஒவ்வொரு கெஜமும் யாரோ ஒருவர் பெயரில் எழுதப்படுகிறது. அப்படி எழுதுவதற்குப் பின்னால் மிகப் பழைய ஒரு கேள்வி நிற்கிறது. ஒரு செயலைச் செய்தவர் யார்? பலர் கூடி நிகழ்த்திய ஒன்றை ஒருவருடையது என்று சொல்லும்போது நாம் உண்மை சொல்கிறோமா? என் பதில் இதுதான்: அந்த எண் உண்மை, ஆனால் அதைத் தாங்கும் "அவருடைய" என்ற வேற்றுமைச் சொல் உண்மையில் பாதியைத்தான் சொல்கிறது. சாதனை என்பது சாட்சியம். அதை நாம் சொத்தாகப் படிக்கப் பழகிவிட்டோம்.

எண்ணிலிருந்தே தொடங்கலாம். டேய்ன் கல்லூரியில் ஓடிய தூரம் எவ்வளவு? அதிகாரபூர்வக் கணக்கை வைத்திருக்கும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.யின் பதிவேட்டில் 6,397. விஸ்கான்சின் தன் கணக்கில் 7,125 என்கிறது. இரண்டும் பொய் இல்லை. பருவம் முடிந்தபின் நடக்கும் பௌல் ஆட்டங்களை 2002க்கு முன் என்.சி.ஏ.ஏ. வீரர்களின் கணக்கில் சேர்க்கவில்லை. டேய்ன் நான்கு பௌல் ஆட்டங்களில் ஓடிய 246, 36, 246, 200 ஆகிய எண்களைக் கூட்டினால் 728 வருகிறது. இவற்றில் இரண்டு புகழ்பெற்ற ரோஸ் பௌல் ஆட்டங்கள். பல்லாயிரம் பேர் கண்முன் ஓடிய அந்த 728 கெஜம் தேசியப் பதிவேட்டில் நடக்கவே இல்லை. 2002இல் விதி மாறியது, ஆனால் பழைய ஆட்டங்களுக்கு அது பின்னோக்கிப் பொருந்தவில்லை. அதன் விளைவு 2016 டிசம்பர் 17 அன்று வெளிப்பட்டது. சான் டியேகோ ஸ்டேட் அணியின் டோனல் பம்ஃப்ரீ லாஸ் வேகஸ் பௌலில் 115 கெஜம் ஓடி 6,405ஐ எட்டி, டேய்னை 8 கெஜத்தில் முந்தினார் என்று பதிவானது. ஒரு பௌல் ஆட்டத்தில் ஓடிய தூரம், இன்னொருவரின் பௌல் ஆட்டங்களைக் கழித்துவிட்ட எண்ணை வென்றது. முதலாண்டு மாணவர்களுக்கான சாதனையிலும் இதே கதைதான். அதே விஸ்கான்சினின் ஜொனாதன் டெய்லர் 2017இல் 1,977 கெஜம் ஓடி அந்தச் சாதனையைப் படைத்ததாகப் பதிவேடு சொல்கிறது. 1996இல் முதலாண்டு மாணவராக இருந்த டேய்ன் ஓடியதோ, பௌலையும் சேர்த்தால், 2,109.

அளவுகோல் மனிதர் வகுத்தது என்பதால் அளந்த பொருள் பொய்யாகிவிடுமா என்று இங்கே ஒருவர் கேட்கலாம். கெஜம் என்ற அளவே மனிதர் வைத்துக்கொண்டதுதானே, அதனால் நிலத்தின் நீளம் கற்பனையாகிவிடுமா? நியாயமான மறுப்பு, இதை நான் ஏற்கிறேன். டேய்ன் கடந்த நிலம் கற்பனை இல்லை, விதி மாறினாலும் அது குறையவோ கூடவோ செய்யாது. ஆனால் "எல்லோரையும்விட அதிகம்" என்ற பட்டம் நிலத்தில் கிடப்பது இல்லை. எதை எண்ணுவது, எதை விடுவது என்று ஒரு குழு கூடி முடிவெடுத்தபின் பிறப்பது அது. கல்லூரி ஆட்டத்தில், பந்தை எறியும் பொறுப்புள்ள குவார்ட்டர்பேக் அதை எறியும் முன் எதிரணியால் வீழ்த்தப்பட்டால், இழந்த கெஜங்கள் அவர் ஓடிய கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன. தொழில்முறை ஆட்டத்தில் அந்த இழப்பு அணியின் எறிதல் கணக்குக்குப் போகிறது. ஒரே வீழ்ச்சி இரண்டு வீடுகளில் இரண்டு பேருக்குக் கடனாகிறது. 1972க்கு முன் முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆட முடியவில்லை. அந்தத் தடை நீங்கிய அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த டோனி டோர்செட், நான்கு பருவம் முழுதாக ஆடி 6,000 கெஜத்தைக் கடந்த முதல் வீரரானார். அவருக்கு முந்திய தலைமுறையில் அதே கால்வலிமையோடு பிறந்த ஒருவருக்கு அந்த நான்காவது ஆண்டு இல்லை. ஆக, நிலம் இயற்கையுடையது, ஆனால் உரிமைப் பத்திரத்தை எழுதியது மனிதக் கை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அடுத்த கேள்விக்குப் போக முடியும்.

அந்த 31 கெஜ ஓட்டத்துக்குத் திரும்புவோம். ஒவ்வொரு அணியிலும் பதினொருவர். பந்து பின்னால் போகும் நொடியில் முன்வரிசையில் நிற்கும் ஐவர், எதிரே நிற்பவர்களை முட்டித் தள்ளி ஒரு சந்தைத் திறக்கிறார்கள். அந்தச் சந்து ஒரு நொடியோ இரண்டு நொடியோதான் திறந்திருக்கும். அதன் வழியாக ஓடுகிறவர் பெயரில் 31 கெஜம் எழுதப்படுகிறது. திறந்த ஐவர் பெயரில் எழுதப்படுவது எதுவும் இல்லை, அதற்கு அதிகாரபூர்வமான பத்தியே கிடையாது. வழக்கமான ஆட்டமுறையில் அவர்கள் எறிந்த பந்தை முன்னே சென்று பிடிக்கவும் விதி அனுமதிப்பதில்லை. அந்த ஆண்டு டேய்னுக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர் கிறிஸ் மெக்கின்டாஷ், முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டாக்கிள்களில் நாட்டின் மிகச் சிறந்தவர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பின்னாளில் 2021இல் அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவரானவர். அவரைப் பற்றிச் சொல்ல ஓர் எண் உண்டு: தொடர்ச்சியாக 50 ஆட்டங்களில் தொடக்க வீரராகக் களமிறங்கினார். அந்த எண் சொல்வதெல்லாம் அவர் அங்கே நின்றார் என்பது மட்டுமே. நின்றபின் என்ன செய்தார் என்பது வேறொருவரின் எண்ணுக்குள் போய்விட்டது. இன்னும் கூர்ந்து பார்த்தால் மனம் கனக்கிறது. முன்வரிசை வீரர் எதிராளியை முறைகேடாகப் பிடித்து நிறுத்தினால் நடுவர் மஞ்சள் கொடியை வீசுகிறார், ஒலிபெருக்கியில் அந்த வீரரின் எண்ணைச் சொல்கிறார், பிடித்த இடத்துக்கு அப்பால் ஓடிய கெஜங்கள் பதிவேட்டிலிருந்து மறைகின்றன. அதாவது அவர் கெடுத்தால் சாதனை கெடும் என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது; அவர் ஆக்கினால் சாதனை ஆகும் என்பதை ஒப்புக்கொள்ளும் பத்திதான் இல்லை. குற்றத்தில் எண்ணோடு அழைக்கப்படுகிறவர் வெற்றியில் எண்ணற்றவராகிறார். எதிரணியையும் விட்டுவிட முடியாது. 1999இல் அயோவா பதினொரு ஆட்டங்களில் ஒன்றைத்தான் வென்றது. அந்த 216 கெஜத்தில் அயோவாவின் தளர்ச்சியும் ஒரு பங்காளி.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் நமக்கு உதவுகிறது. ஒரு வினைச்சொல் தன்னுள் எவற்றையெல்லாம் உணர்த்தும் என்று நன்னூல் கணக்கெடுத்தபோது ஆறைச் சொன்னது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். குயவன் குடத்தை வனைந்தான் என்றால் அங்கே குயவன் மட்டும் இல்லை, சக்கரமும் களமும் மண்ணும் பொழுதும் சேர்ந்துதான் வனைதல். செய்பவன் ஆறில் ஒருவன். பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இதே கணக்கை இன்னும் கடுமையாகப் போடுகிறது. எந்தச் செயலுக்கும் காரணங்கள் ஐந்து என்று அங்கே கண்ணன் சொல்கிறான். செயல் நிகழும் இடமான உடல், செய்பவன், கருவிகள், பலவகைப்பட்ட முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். அப்படியிருக்க, தன்னை மட்டுமே செய்பவனாகக் காண்கிறவன் உண்மையில் காண்பதே இல்லை என்பது அதன் முடிவு. இந்த இரு கணக்குகளும் செய்பவனைத் தள்ளிவிடவில்லை. பட்டியலில் அவனுக்கு இடம் உண்டு. தனி இடம்தான் இல்லை. விஸ்கான்சின் பதிவேட்டை இந்தக் கண்ணோடு படித்தால், டேய்னின் பருத்த உடலும் வலிய தொடைகளும் முதல் காரணம், டேய்ன் இரண்டாவது, முன்வரிசையும் பந்தை ஒப்படைத்தவரும் கருவிகள், ஐவரின் ஐந்து வகைத் தள்ளலும் ஓடுபவரின் திருப்பமும் முயற்சிகள். ஐந்தாவதாகிய தெய்வத்தைச் சிலர் ஊழ் என்பார்கள், சிலர் தற்செயல் என்பார்கள். முழங்கால் முறியாமல் நான்கு ஆண்டு கடந்தது எந்தப் பத்தியிலும் எழுதப்படாத அந்த ஐந்தாவது காரணத்தால்தான்.

அந்த ஆட்டம் பிறந்து வளர்ந்த சமூகத்தின் சமயமும் வேறு சொற்களில் இதையே சொல்கிறது. கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல், தம் வரங்களைக் குறித்துப் பெருமையடித்தவர்களைப் பார்த்து, நீ பெற்றுக்கொள்ளாதது எது என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்கிறார். பெற்றுக்கொண்டதென்றால் பெறாததைப் போல மேன்மை பாராட்டுவது எப்படி என்பது அவர் வாதம். அதே கடிதத்தில் பின்னர், ஓர் உடலுக்குப் பல உறுப்புகள் உண்டு, கனம் குறைந்ததாகத் தோன்றும் உறுப்புக்குத்தான் அதிக கனம் தரவேண்டும் என்றும் சொல்கிறார். பந்தை எல்லைக்கோட்டுக்குள் சேர்த்து டச்டவுன் எடுத்ததும் விரலை வானத்தை நோக்கி உயர்த்தும் வீரர்களை அமெரிக்க அரங்குகளில் வாரந்தோறும் காணலாம். அந்தச் சைகையை நான் மதிக்கிறேன், அதில் உண்மை உண்டு. ஆனால் பவுலின் கடிதத்தை முழுமையாகப் படித்தவருக்கு விரல் மேலே போவதோடு நிற்காது. அது பக்கவாட்டிலும் திரும்பும், புல்லில் விழுந்து எழும் ஐவரை நோக்கி. தெய்வத்துக்குப் புகழைக் கொடுத்துவிட்டுத் தோழனுக்குக் கொடுக்காமல் இருப்பது எளிது, தெய்வம் சட்டையில் எண் அணிந்து பக்கத்தில் நிற்பதில்லை அல்லவா.

இப்போது மிக வலுவான மறுப்பு வருகிறது. எல்லாம் கூட்டு என்றால், அந்த ஐவருக்குப் பின்னால் யாரை ஓடவிட்டாலும் அதே எண் வந்திருக்குமா? வந்திருக்காது. விஸ்கான்சினில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய முன்வரிசைகள் இருந்தன, ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு டேய்ன் இல்லை. 2014 நவம்பர் 15 அன்று பனி தூவிய கேம்ப் ராண்டலில் நெப்ராஸ்காவுக்கு எதிராக மெல்வின் கார்டன் மூன்றே கால்பகுதிகளில் 25 முறை பந்தை ஏந்தி 408 கெஜம் ஓடினார். அதே வரிசைக்குப் பின்னால் அன்று வேறு எவரும் அதைச் செய்யவில்லை. (அந்த ஒரு நாள் சாதனை ஏழு நாள்தான் நின்றது, அடுத்த வாரமே ஓக்லஹோமாவின் சமாஜே பெரைன் 427 கெஜம் ஓடிவிட்டார்.) உதவித்தொகை இல்லாமல், தாமாக வந்து அணியில் இடம் கேட்ட சிற்றூர் இளைஞர் ஜிம் லியோன்ஹார்ட், எதிரணி எறிந்த பந்துகளில் 21ஐப் பறித்து விஸ்கான்சினின் பழைய சாதனையைச் சமன் செய்தார். உழைப்பும் கண்ணும் துணிவும் அவருடையவை, இதை யார் மறுக்க முடியும்? நானும் மறுக்கவில்லை. கீதையும் கர்த்தாவை நீக்கவில்லை, ஐந்தில் ஒன்றாக நிறுத்துகிறது. கர்த்தா இல்லாவிட்டால் செயல் இல்லை என்பதும், கர்த்தா மட்டுமே செயல் இல்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். விதை இல்லாமல் மரம் இல்லை. அதனால் மழையும் மண்ணும் மரத்தின் காரணங்கள் இல்லை என்று ஆகிவிடாது. லியோன்ஹார்ட் பறித்த ஒவ்வொரு பந்தும் எதிரணியின் ஒருவர் தவறாக எறிந்த பந்து, அல்லது அவர் தரப்பின் இன்னொருவர் நெருக்கியதால் அவசரப்பட்டு எறிந்த பந்து. அவர் இல்லாமல் பறிப்பு இல்லை. அவர் தனியாகவும் பறிப்பு இல்லை. "இவர் இல்லாமல் நடந்திராது" என்ற வாக்கியம் இவருக்கு மட்டும் பொருந்துவது இல்லை. அது மெக்கின்டாஷுக்கும் பொருந்தும். ஒரே வாக்கியம் பலருக்கும் பொருந்தும்போது அதை ஒருவரின் உரிமைக்கு ஆதாரமாக நீட்ட முடியாது.

அப்படியானால் எல்லோருக்கும் எண் கொடுத்துவிடலாமே என்பது இன்னொரு மறுப்பு. இது வெறும் பேச்சு இல்லை, முயன்றிருக்கிறார்கள். 1996இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் முன்வரிசை வீரர் ஆர்லாண்டோ பேஸுக்காக, எதிராளியை மல்லாக்க வீழ்த்திய தடவைகளைப் பான்கேக் என்று பெயரிட்டு எண்ணியது. தோசைக்கல்லில் புரட்டிப் போட்டதுபோல் தரையோடு தரையாகக் கிடப்பதால் அந்தப் பெயர். பான்கேக் வடிவில் காந்தவில்லைகள் செய்துகூட அவர் பெயரைப் பரப்பினார்கள். ஹைஸ்மன் வாக்கெடுப்பில் பேஸ் நான்காம் இடம் பெற்றார், முன்வரிசை வீரருக்கு அது அரிய பெருமை. இன்று ஒவ்வொரு வீரரின் ஒவ்வோர் அசைவையும் ஒளிப்பதிவில் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். இந்த முயற்சியின் நோக்கம் நல்லது, மறக்கப்பட்டவர்களை நினைக்க வைக்கிறது. ஆனாலும் இது கேள்வியைத் தீர்க்கவில்லை என்றே நினைக்கிறேன். மிகச் சிறந்த தடுப்பு பலவேளைகளில் யாரையும் வீழ்த்துவதில்லை. எதிராளி எங்கே வருவான் என்று முன்கூட்டி அறிந்து அரையடி நகர்ந்து நிற்பதுதான் அது. அங்கே எண்ணுவதற்கு ஒன்றும் நிகழ்வதில்லை. அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. 31 கெஜத்தை ஓடியவருக்கு 12, ஐவருக்கு 15, அயோவாவின் தளர்ச்சிக்கு 4 என்று கூறுபோட முடியும் என்று நினைப்பதே செயலைச் சொத்தாக நினைப்பதுதான். தந்தையின் நிலத்தைப் பிள்ளைகள் பாகம் பிரிக்கலாம். ஒரு பாட்டை, பாடியவருக்கு இத்தனை சுரம், மிருதங்கத்துக்கு இத்தனை சுரம் என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு கெஜத்திலும் எல்லோரும் முழுதாக இருக்கிறார்கள். உரிமையாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் உரிமை என்ற கருத்தின் பிழை திருந்துவதில்லை.

இன்னுமொரு மறுப்புதான் என்னை நெடுநேரம் நிறுத்தியது. செயலை யாரும் உடைமை கொள்ள முடியாது என்றால், தவறையும் யார் தலையிலும் ஏற்ற முடியாதே? ஆகாத செயலைச் செய்துவிட்டு ஐந்து காரணங்களின் பின்னால் ஒளிந்துகொள்ளலாமே? கீதையின் அந்தப் பகுதியை அப்படிப் பயன்படுத்தியவர்கள் உண்டு என்பதால் இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே அதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரெஜி புஷ் 2005இல் 1,740 கெஜம் ஓடி ஹைஸ்மன் வென்றார். மாணவராக இருந்தபோது விதிக்கு மாறான சலுகைகள் பெற்றார் என்று 2010இல் என்.சி.ஏ.ஏ. தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் முதல் 2005 பருவம் முடியும்வரை அந்த அணி பெற்ற 14 வெற்றிகள் நீக்கப்பட்டன. புஷ் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். 2024 ஏப்ரலில் அது மறுபடி அவர் கைக்கு வந்தது. நீக்கப்பட்ட அந்த வெற்றிகளில் ஒன்று 2005 அக்டோபர் 15 அன்று நாட்டர் டேம் அணிக்கு எதிராகக் கிடைத்தது. கடைசி நொடிகளில் குவார்ட்டர்பேக் மேட் லைனார்ட் கோட்டை நோக்கிப் பாய்ந்தார், தடுக்கப்பட்டார், பின்னாலிருந்து புஷ் அவரை முட்டித் தள்ளி எல்லைக்குள் சேர்த்தார். அப்படித் தள்ளுவதை அன்றைய விதி தடுத்திருந்தது, கொடி விழவில்லை. 34–31 என்று ஆட்டம் முடிந்தது. டச்டவுன் லைனார்டின் பெயரில் எழுதப்பட்டது. ஓடியவர் ஒருவர், உள்ளே சேர்த்தவர் இன்னொருவர், பதிவான பெயர் ஒன்று; என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் தேடியிருக்க முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது இன்னும் வியப்பானது. ஒரு வெற்றி இவ்விதம் நீக்கப்படும்போது தோற்ற அணிக்கு அது வெற்றியாக மாற்றித் தரப்படுவதில்லை, தோல்வி தோல்வியாகவே நிற்கிறது. நாட்டர் டேமின் 2005 கணக்கில் அந்தத் தோல்வி இன்றும் உண்டு. ஒருவர் தோற்ற, எவரும் வெல்லாத ஆட்டம். நடந்ததை நடக்காததாக்குவது தெய்வத்தாலும் ஆகாது என்ற பொருள்பட அகத்தோன் என்ற கிரேக்க நாடகாசிரியர் சொன்னதை அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் ஏற்று எடுத்துரைத்தார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாசும் கடவுளின் எல்லாம் வல்ல தன்மைக்குள் அது அடங்காது என்றே முடிவு கட்டினார். கடவுளுக்கே இல்லை என்று இறையியலாளர்கள் சொன்ன அதிகாரத்தை ஒரு விளையாட்டு அமைப்பு கையில் எடுத்தால் இப்படித்தான் முரண்படும். இங்கே நம் இலக்கணத்தின் ஆறாம் வேற்றுமையை நினைத்துக்கொள்கிறேன். அது காட்டும் கிழமை இருவகை. பிரிக்க முடியாதபடி ஒருவரோடு ஒட்டியது தற்கிழமை, அவருடைய கை என்பதுபோல. பிரிக்கக்கூடியது பிறிதின்கிழமை, அவருடைய வீடு என்பதுபோல. கோப்பை பிறிதின்கிழமை; வாங்கலாம், பிடுங்கலாம், திருப்பித் தரலாம். ஓடிய ஓட்டம் அப்படிப்பட்டது இல்லை. என்.சி.ஏ.ஏ. பிடுங்க முடிந்தது பட்டத்தை மட்டுமே.

பொறுப்பு பற்றிய மறுப்புக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. உடைமை வேறு, பதில் சொல்லக் கடமைப்படுவது வேறு. ஒரு செயலில் நான் ஒரு காரணமாக இருந்தேன் என்றாலே அதைக் குறித்து என்னிடம் கேட்கலாம், நான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு அந்தச் செயல் முழுவதும் என் சொத்தாக இருக்கத் தேவையில்லை. முன்வரிசை வீரரின் பிடித்தலுக்கு அவர் எண்ணைச் சொல்லி அழைப்பது நியாயம், ஏனென்றால் அந்தக் கை அவருடையது. புஷ் பெற்ற சலுகைக்கு அவர் பதில் சொல்வதும் நியாயம். அதே காரணத்தால், கோடிக்கணக்கான பணம் சுழன்ற ஆட்டத்தில் மாணவர்களுக்கு மட்டும் எதுவும் கூடாது என்று அன்று வகுத்தவர்களும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து காரணங்கள் என்ற பார்வை குற்றவாளிக்கு ஒளிந்துகொள்ள இடம் தருவதில்லை. கேட்கப்பட வேண்டியவர்களின் வரிசையை அது நீளமாக்குகிறது. தண்டனை அளிக்கும்போது அமைப்பு செய்த பிழை புஷ்ஷைக் கேள்வி கேட்டது இல்லை. அவரோடு ஓடிய, எந்தச் சலுகையும் பெறாத மற்றவர்களின் ஓர் ஆண்டு உழைப்பையும் அவர் சொத்தைப்போல் எண்ணிப் பறிமுதல் செய்தார்களே, அதுதான் பிழை. செயலை ஒருவருடைமை என்று நம்பியதால் வந்த அநீதி அது.

பிறகு பதிவேடு எதற்கு? அதை எரித்துவிடச் சொல்லவில்லை, அதை நான் நேசிக்கிறேன். டெய்லர் மூன்று பருவங்களில் 1,977, 2,194, 2,003 என்று ஓடி 6,174 கெஜம் சேர்த்தார் என்பதைப் படிக்கும்போது, மூன்று ஆண்டுச் சனிக்கிழமைகளும் ஒரு வரிக்குள் அடங்கி நிற்கின்றன. எண் இல்லாவிட்டால் அந்தச் சனிக்கிழமைகளில் நிலத்தில் புரண்ட ஐவரையும் நினைக்கக் கொக்கி இல்லாமல் போகும். சங்ககாலத்து நடுகல்லில் ஒரு வீரனின் பெயரைத்தான் செதுக்கினார்கள். ஆனால் அந்தக் கல்லின் முன் நின்றவருக்கு ஒரு போரே நினைவுக்கு வந்தது. பதிவேட்டின் பெயரும் அப்படி ஒரு முகவரியாக இருக்கலாம், அந்தப் பெயரில் பலருக்கும் கடிதம் போகும் முகவரி. சாட்சியம் என்று நான் சொல்வது இதைத்தான். தமிழில் நாம் இதை அறியாமலே ஒப்புக்கொண்டிருக்கிறோம். டேய்ன் ஓடினார் என்கிறோம். அந்த ஆர் விகுதி இலக்கணப்படி பலர்பாலுக்கு உரியது. ஒருவரைப் பெருமைப்படுத்த நினைத்தபோது அவரைப் பலராகச் சொல்வதுதான் வழி என்று நம் மொழி கண்டுகொண்டது. மரியாதை என்று நாம் எண்ணிச் சேர்க்கும் எழுத்தில் மெக்கின்டாஷும் மற்ற நால்வரும் இருக்கிறார்கள்.

சாதனையைச் சாட்சியமாக வைத்துக்கொண்டு சொத்தாக வைத்துக்கொள்ளாமல் ஒரு வீரரால் வாழ முடியுமா என்றால், முடியும் என்பதற்குப் பேரி சாண்டர்ஸ் இருக்கிறார். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு தர்மன் தாமஸுக்குப் பின்னால் காத்திருந்தவர், 1988இல் முதன்மை இடம் கிடைத்ததும் 11 ஆட்டங்களில் 2,628 கெஜம் ஓடினார். 2014இல் கார்டன் 14 ஆட்டங்களில் 2,587 ஓடியும் அதைத் தொட முடியவில்லை. ஹாலிடே பௌலில் சாண்டர்ஸ் ஓடிய 222 கெஜத்தைப் பழைய விதி விட்டுவிட்டது, அதைச் சேர்த்தால் 2,850. டச்டவுன் எடுத்ததும் ஆடிப்பாடாமல் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புவது அவர் வழக்கம். 1989இல் தொழில்முறை ஆட்டத்தில் டெட்ராய்ட் அணிக்காக ஆடியபோது, பருவத்தின் கடைசி நாளில் அணியின் வெற்றி உறுதியாகிவிட்டது. அப்போது அவர் கணக்கு 1,470 கெஜம், கிறிஸ்டியன் ஒகோயேயின் கணக்கு 1,480. இன்னும் 11 கெஜம் ஓடினால் நாட்டிலேயே முதலிடம். களமிறங்குகிறாயா என்று பயிற்சியாளர் கேட்டார். ஓட்டம் ஒன்றோ இரண்டோ போதும், முன்னால் ஐவர் எழுந்து நிற்கத் தயாராக இருந்தார்கள். சாண்டர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓரத்திலேயே நின்று ஆட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.